நூபியர்களுக்கு செகண்ட் ஷிப்ட்

வடலூர்
5.1.2025

சிங்காரவேல் அண்ணனுக்கு, தங்கை பிரபாவதி எழுதுவது.

'அன்புள்ள' என்று போடவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். நேற்று அண்ணி இங்கே வந்தபோது உன் நாடக நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. 'மாவீரன் செனுஸ்ரெத். வாளோடு வாள் மோதும் எகிப்திய வரலாற்று நாடகம். பிப்ரவரி 22, சனிக்கிழமை மாலை 6.30. கதை, வசனம், இயக்கம், கதாநாயகன்: கலைச்சுடர் சிங்காரவேல்.'

கலைச்சுடர் யார் கொடுத்த பட்டம் என்று நான் கேட்கப்போவதில்லை. கதை, வசனம் என்கிற இரண்டு சொற்களைப் பற்றி மட்டும் கேட்கிறேன். மழைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட நாட்களில் எல்லாம் உட்கார்ந்து நான் எழுதிக் கொடுத்த நாடகத்துக்கு 'எல்லைக் கோட்டை' என்று பெயர். அதில் வாள் கிடையாது. மன்னன் செனுஸ்ரெத் மேடைக்கே வரமாட்டான். நீ மாவீரனாக யாரோடு மோதப்போகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை.

இதுவரை நீ போட்ட நாடகங்கள் அத்தனைக்கும் வசனம் எழுதிக் கொடுத்தவள் நான். ஒன்றிலும் பெயர் கேட்டதில்லை. இதில் கேட்டேன். 'போட்டுடலாம் பாப்பா' என்று நீ தலையாட்டினாய்.

போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். போனில் பேசினால் குரலைத் தழுதழுக்க வைத்து ஆளைக் கவிழ்த்துவிடுவாய். காகிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை. பதிலைத் தபாலில் போடு.

பிரபாவதி


நெய்வேலி
10.1.2025

பிரியமும் பாசமும் நிறைந்த என் பாப்பாவுக்கு,

அண்ணன் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல். நீ விட்ட 'அன்புள்ள'வுக்கும் சேர்த்து நானே இரண்டு போட்டிருக்கிறேன்.

பெயர் விட்டுப்போனது அச்சகத்தில் நேர்ந்த பிழை. இடம் போதவில்லை என்றார்கள். அதை விடு. நாடகத்துக்கு வருகிறேன். நீ எழுதியதை நான் இருமுறை படித்தேன். முதல் அங்கத்தில் சிப்பாய்கள் கோட்டையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாம் அங்கத்தில் அதே சிப்பாய்கள் அதே கோட்டையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாம் அங்கத்தில் ஒரு கிழவி தோல் விற்க வருகிறாள், ரொட்டி வாங்கிக்கொண்டு போகிறாள், திரை. நம் ஆட்கள் கேட்டில் செக்யூரிட்டி உட்கார்ந்திருப்பதை தினம் இரண்டு வேளை பார்த்துவிட்டுத்தான் குவார்ட்டர்சுக்குப் போகிறார்கள். சனிக்கிழமை சாயந்திரம் சட்டை மாற்றிக்கொண்டு வந்து அதையே பார்ப்பார்களா? அதனால் மூன்றாம் அங்கத்தில் சிறியதாக ஒரு போர் சேர்த்தேன்.

என்னிடம் இரண்டு படை இருக்கிறது. சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றிச்செல்லும் பெல்ட் செக்‌ஷனில் ஏ குரூப் முழுக்க எகிப்தியர்கள், நெடுமாறன் தலைமையில். சி குரூப் முழுக்க அவர்களின் எதிரிகளான நூபியர்கள், விஜயராஜ் தலைமையில். இந்த இரண்டு குரூப்புக்கும் கயிறு இழுக்கும் போட்டியிலிருந்தே ஆகாது. ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கமாட்டான். நான் யாருக்கும் கோபப்படச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. இதற்கு மேல் கடவுள் ஒரு இயக்குநருக்கு என்ன கொடுப்பார்? எகிப்தியர்களுக்கு இரண்டு குதிரை பூட்டிய தேர் வருகிறது. யானைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூன் மாதம் எனக்கு ரிடையர்மென்ட் என்பது உனக்குத் தெரியும். கிளப் மேடை வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான். இதுதான் என் கடைசி நாடகம் பாப்பா. உட்கார்ந்துகொண்டே முடிக்கச் சொல்கிறாயா?

உன் அண்ணன்
சிங்காரவேல்


வடலூர்
16.1.2025

அண்ணனுக்கு,

என் பெயருக்கு இடம் போதாத நோட்டீசில் கலைச்சுடருக்கு மட்டும் எப்படி இடம் இருந்தது?

உன் போர் விஷயம். செனுஸ்ரெத் காலத்தில் எகிப்தில் குதிரை பூட்டிய தேர் கிடையாது. தேர் வந்தது அவன் செத்து ஒன்றிரண்டு நூற்றாண்டு கழித்து. எகிப்தியர் யானைமேல் ஏறிப் போருக்குப் போகவும் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். அவர்கள் நான் பாடம் நடத்தியவர்கள்.

போர் நடந்ததா என்றால் நடந்தது. எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாவில் புகுந்து வயலைக் கொளுத்தினேன், பெண்களைப் பிடித்துவந்தேன் என்று அந்த மன்னனே கல்லில் வெட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறான். அந்தப் பெருமைக்கு நான் வசனம் எழுதமாட்டேன். அதன்பிறகு நைல் நதியோரம் வரிசையாகக் கோட்டை கட்டினான். 'வில்லாளிகளைத் தடுப்பது', 'பாலைவனத்தை அடக்குவது' என்று அவற்றுக்குப் பெயர். செம்னா என்ற இடத்தில் எல்லைக்கல் நட்டு, வியாபாரத்துக்கும் தூதுக்கும் தவிர ஒரு நூபியனும் இதைத் தாண்டக்கூடாது என்று எழுதினான். இத்தனை தடபுடலுக்குப் பிறகு அந்தக் கோட்டைக் காவலர்கள் தலைநகருக்கு அனுப்பிய அறிக்கைகள் சில கிடைத்திருக்கின்றன. அவற்றில் என்ன இருக்கிறது தெரியுமா? இன்ன தேதியில் சில நூபியர்கள் வந்தார்கள். கொண்டுவந்ததை விற்றார்கள். ரொட்டியும் பியரும் கொடுத்தோம். வந்த வழியே திரும்பினார்கள். மன்னரின் காரியங்கள் யாவும் நலம்.

பனைமர உயரத்துக்குச் சுவர் எழுப்பி, அதன்மேல் வில்லோடு நின்று, வந்தவனுக்கு ரொட்டி கொடுத்திருக்கிறார்கள். இதைவிட உனக்கு என்ன நாடகம் வேண்டும்?

நீ கிழவி என்று எழுதியவள் கிழவி இல்லை, என் வயதுக்காரி. தோல் விற்க வருகிறவள், கோட்டை நிற்கிற இடத்தில்தான் எங்கள் வயல் இருந்தது, ஒருமுறை உள்ளே பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாள். தளபதி எல்லைக்கல்லைக் காட்டுகிறான். அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிறாள். அவன் 'யாவும் நலம்' என்று எழுதுகிறான். அதுதான் நாடகம். சுரங்கத்துக்கு வயலைக் கொடுத்தவர்கள் இருக்கிற நெய்வேலியில் அது யாருக்கும் விளங்காமல் போகாது.

என் பெயர் வேண்டும். என் மூன்றாம் அங்கம் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் என் நாடகத்தைப் போடாதே.

பிரபாவதி


நெய்வேலி
22.1.2025

திருமதி பிரபாவதி அவர்களுக்கு,

தங்களின் கடிதம் கிடைத்தது. மூன்றாம் அங்கத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னிடம் வேறு பிரதி இல்லை, வேண்டவும் வேண்டாம். புது மூன்றாம் அங்கத்தை நானே எழுதிவிட்டேன். ஒரே நாளில் முடிந்தது. வசனம் குறைவு, கத்தல் அதிகம்.

ஒத்திகை பிரமாதமாகப் போகிறது. எகிப்தியர்கள் ஒரு நாள், நூபியர்கள் இன்னொரு நாள். ஒன்றாக விட்டால் நாடகத்துக்கு முன்பே அடித்துக்கொள்வார்கள் என்று தனித்தனியாக வைத்திருக்கிறேன். எகிப்தியர் ஒத்திகையில் எதிரியாக நான் நிற்கிறேன், நூபியர் ஒத்திகையிலும் நானே எதிரி. இரண்டு பக்கமும் அடி வாங்கி முட்டி வீங்கியிருக்கிறது. உன் அண்ணி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "பாப்பா எழுதனதுல ஒக்காந்துகினுதான இருந்திங்க" என்கிறாள்.

கோட்டையும் தயார். ஏலத்தில் எடுத்த பழைய கன்வேயர் பெல்ட்டை நிமிர்த்தி வைத்துச் சுவராக்கி மண்ணிறம் அடித்திருக்கிறோம். மேடைத் தச்சர் கலியன்தான், "சாமி, இது நிக்கிது சரி, மேட நிக்குமா?" என்று பயமுறுத்திக்கொண்டிருக்கிறார். அசல் கோட்டை மாதிரி கனம்.

யானை கிடைக்கவில்லை. அதுவும் உன் வயிற்றெரிச்சல்தான்.

இப்படிக்கு
கதை, வசனம், இயக்கம்: சிங்காரவேல்


வடலூர்
28.1.2025

கலைச்சுடர் அவர்களுக்கு,

மூன்றாம் அங்கம் வந்து சேர்ந்தது. மேல் தாளில் டீ டம்ளர் வைத்த வட்டம் இருக்கிறது. படித்தாயோ இல்லையோ, பயன்படுத்தியிருக்கிறாய். சந்தோஷம்.

இனி நோட்டீசில் என் பெயரைப் போட்டாலும் நான் சம்மதிக்கமாட்டேன். தேரில் வருகிற செனுஸ்ரெத்துக்குக் கதை எழுதியவள் என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடிக்க முடியாது. நாடகத்துக்கு வரமாட்டேன். இவர் போகவேண்டும் என்கிறார். போகட்டும், அவர் பூகோளம் படித்தவர்.

முட்டிக்கு உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்.

பிரபாவதி


நெய்வேலி
3.2.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் கடைசிவரை படி.

நேற்று டீக்கடையில் நூபியத் தலைவன் விஜயராஜைப் பார்த்தேன். தோளில் கை போட்டு, இருபத்திரண்டாம் தேதி கலக்கிவிடவேண்டும் என்றேன். அவன் டீயை ஊதிக்கொண்டே சொன்னான்: "ஏண்ணே, அன்னிக்கி எங்க குரூப்பு செகண்ட் ஷிப்ட் ஆச்சே. ரெண்டு மணிக்கி மைன்ஸ் உள்ள எறங்குனா பத்து மணிக்கித்தான் வெளிய வருவோம். சண்ட எப்ப போட்றது?"

நான் பகலில் மட்டுமே வேலை இருக்கிற ஜெனரல் ஷிப்டுக்கு மாறி நாலு வருடம் ஆகிறது. ஷிப்ட் என்று ஒன்று சுற்றிக்கொண்டிருப்பதே மறந்துபோயிருக்கிறது. இரண்டு படையையும் இரண்டு குரூப்பாகப் பிரித்து, ஒரு குரூப் வீட்டில் இருக்கும்போது இன்னொரு குரூப் வேலையில் இருக்கும்படி நானே திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். என் எகிப்தியர்கள் அன்றைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்துச் சாயந்திரம் சும்மா இருப்பார்கள். நூபியர்கள் ஒருவர்கூடக் கிடையாது.

லீவு கேட்டேன். குரூப்பே லீவு போட்டால் பெல்ட்டை யார் பார்ப்பது என்று மேலே கேட்டார்கள். நியாயம்தான். ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாம் என்றால், பி குரூப் அன்றைக்கு நைட் ஷிப்ட். இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாது. மிச்சம் ஏ குரூப். அவர்கள் மாற்றிக்கொண்டால் நூபியர்கள் மேடைக்கு வந்துவிடுவார்கள், கோட்டைக்குள் எகிப்தியர்கள் இருக்கமாட்டார்கள். தேதியை மாற்றலாம் என்றால் ஹாலுக்கு வேறு தேதி ஏப்ரல் வரை இல்லை. ஏப்ரலில் என் பென்ஷன் காகித வேலை.

நெடுமாறன் ஒரு யோசனை சொன்னான். "எதிரி வேணான்ணே. நாங்களே ரெண்டா பிரிஞ்சி அடிச்சிக்கிறோம்." பக்கத்திலிருந்தவன் உடனே, "நான் எகிப்துல இருந்து வெளிய போவமாட்டேன்" என்றான். அதிலேயே சண்டை வந்தது. நாடகச் சண்டை இல்லை.

பாப்பா, என்னிடம் இப்போது இருப்பது ஒரு கோட்டையும், அதில் உட்கார்ந்திருக்கும் சிப்பாய்களும்தான். எதிரி வரமாட்டான். நீ எழுதியது அப்படியே இருக்கிறது. அந்த மூன்றாம் அங்கத்தை அனுப்பி வை.

அண்ணன்


வடலூர்
7.2.2025

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் என்னால் வாசிக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துப் புரையேறி, இவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

மூன்றாம் அங்கம் தருகிறேன். புதிய நோட்டீஸ் அடிக்கவேண்டும். பெயர் 'எல்லைக் கோட்டை'. கதை, வசனம்: பிரபாவதி. இயக்கம் என்று நீ போட்டுக்கொள். கலைச்சுடரையும் வைத்துக்கொள், பாவம். தேர் போகவேண்டும். செனுஸ்ரெத் கிரீடத்தைக் கழற்று. நீ தளபதியாக மட்டும்தான் வருகிறாய், நாடகம் முழுக்கக் கோட்டைவாசலில் உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறாய். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது. ஒரு சொல்லையும் என்பதை மறுபடி எழுதுகிறேன், ஒரு சொல்லையும்.

புதிய நோட்டீசைப் பார்த்தபிறகுதான் தபாலில் சேர்ப்பேன்.

பிரபாவதி


நெய்வேலி
12.2.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

நோட்டீஸ் இத்துடன். நேற்றே அனுப்பியிருப்பேன், உங்கள் ஊர் தைப்பூசக் கூட்டத்தில் தபால் எங்கே போகும் என்று வைத்துக்கொண்டேன். உன் பெயர் என் பெயரைவிடப் பெரியதாக இருக்கிறது. நான் அப்படிச் சொல்லவில்லை, உன் அண்ணி அச்சகத்துக்கே போய் நின்றாள்.

இரண்டு சிக்கல். ஒன்று, மேடையில் பியர் என்ற சொல் வரக்கூடாது என்று கிளப் செயலாளர் சொல்லிவிட்டார். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று நீ எழுதியதைக் காட்டினேன். அவர் கிளப் விதியைக் காட்டினார்.

இரண்டாவது சிக்கல் பெரியது. வயல்காரியாக நடிக்க ஆள் இல்லை. உன் அண்ணி மேடைக்கு வரவே மாட்டேன் என்கிறாள். நெடுமாறனைச் சேலை கட்டச் சொன்னேன். மீசையை எடுக்கமாட்டானாம். "மீசையோட வந்தா என்னாண்ணே, நூபியாவுல இருந்திருக்கும்" என்கிறான். மற்றவர்கள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் ரொட்டி கொடுக்கத் தோன்றாது.

அவளுக்கு உன் வயது என்று நீதான் எழுதினாய். வசனமும் உனக்குத்தான் தெரியும். யோசித்துச் சொல்.

அண்ணன்


வடலூர்
16.2.2025

அண்ணனுக்கு,

நோட்டீஸ் பார்த்தேன். ஒருமுறை பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தேன், பிறகு எடுத்து மறுபடி பார்த்தேன். அதோடு அந்த விஷயத்தை நிறுத்திக்கொள்கிறேன். மூன்றாம் அங்கம் இத்துடன் வருகிறது. டீ டம்ளரை வேறு எங்காவது வை.

பியருக்குப் பதில் கூழ் என்று சொல். தானியத்தை ஊறவைத்துப் புளிக்க வைப்பதுதான் இரண்டும். இது நான் செய்த மாற்றம், உனக்கு உரிமை இல்லை.

வயல்காரியாக நானே வருகிறேன். ஒத்திகைக்கு வரமாட்டேன். மேடைக்கு வெளியே உன்னோடு பேசமாட்டேன், ஒரு நோட்டீசில் எல்லாம் ஆறிவிடாது. நேராக வருவேன், தோல் விற்பேன், வயலைக் கேட்பேன், நீ கல்லைக் காட்டுவாய், ரொட்டியை வாங்கிக்கொண்டு வடலூர் பஸ் ஏறிவிடுவேன்.

பிரபாவதி


நெய்வேலி
24.2.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சொன்னபடியே மேடையிலிருந்து நேராகப் போய் பஸ் ஏறிவிட்டாய். அதனால் நடந்ததைக் காகிதத்தில்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

முதல் அங்கத்தில் ஜனங்கள் நெளிந்தார்கள். இரண்டாம் அங்கத்தில் கோட்டையின் இடதுசுவர் மெதுவாகச் சாய்ந்தபோது நெடுமாறன் முதுகு கொடுத்துத் தாங்கினான், திரை விழும்வரை விடவில்லை. கைதட்டல் அவனுக்கு. மூன்றாம் அங்கத்தில் நீ வந்தாய்.

இரண்டு மாதமாக உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீ இளைத்திருந்தாய். தோல்மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, 'ஐயா, இந்தக் கோட்டை நிற்கிற இடத்தில் எங்கள் வயல் இருந்தது, ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டுமா' என்று கேட்டாய். முன்வரிசையில் மினரல் வாட்டரைத் திறந்துகொண்டிருந்தவர் அப்படியே வைத்துவிட்டார். அந்த ஹாலில் இருந்த எத்தனை பேருக்கு எங்கே வயல் இருந்தது என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

நான் எல்லைக்கல்லைக் காட்டவேண்டும். கை தூக்கினேன். வசனம் ஞாபகம் இருந்தது, சத்தியமாக மறக்கவில்லை. ஆனால் என்னால் உன்னைத் திருப்பி அனுப்ப முடியவில்லை பாப்பா. மேடையிலும் முடியவில்லை. அதனால்தான் வாயில் வந்ததைச் சொன்னேன். "ஒன் வயலா? அப்ப எதுக்கு வாசல்ல நின்னுகினு கீற. உள்ள வா. பாத்துட்டு, ஒக்காந்து ஒரு வாய் சாப்ட்டுப் போ."

நீ ஏதாவது சொல்லிச் சமாளிப்பாய் என்று நினைத்தேன், நீதானே எழுதியவள். நீ தோல்மூட்டையைத் தூக்கிக்கொண்டாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டைக்குள் போய்விட்டாய். கலியன் என்ன செய்வது என்று தெரியாமல் திரையை விட்டுவிட்டார். எழுந்து நின்று தட்டினார்கள் பாப்பா. இத்தனை வருடத்தில் எனக்கு ஒருவரும் எழுந்து நின்றதில்லை.

ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று இரண்டு தடவை எழுதியிருந்தாய். மாற்றிவிட்டேன். என்ன வேண்டுமானாலும் திட்டு, ஆனால் போனில் திட்டு.

அண்ணன்


வடலூர்
27.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மறுபடியும் என் நாடகத்தைக் கெடுத்திருக்கிறாய். மழைக்காலம் முழுக்க அந்த மூன்றாம் அங்கத்தை அடித்து அடித்து எழுதினேன். அவளை உள்ளே விட்டுவிடலாமா என்று எனக்கும் எத்தனையோ தடவை தோன்றியது. எல்லைக்கல் இருக்கிறதே, வரலாறு அப்படி இல்லையே என்று விடவில்லை. நீ வரலாறு படிக்காதவன், விட்டுவிட்டாய். மேடையில் என் வாயை அடைத்ததற்கு உன்னை மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும்.

அந்தத் தளபதியைப் பற்றி யோசித்தாயா? எல்லையைத் தாண்டி ஒருத்தியை உள்ளே விட்டு, உட்கார வைத்துச் சோறு போட்டவன் அன்றைய அறிக்கையில் 'யாவும் நலம்' என்று எழுத முடியாது. உண்மையை எழுதினால் மன்னன் சும்மா விடமாட்டான். அவன் பாட்டுக்கு அவனை அங்கே விட்டுவிட்டு நான் எப்படித் தூங்குவது? உன்னால் நான் இப்போது நாலாவது அங்கம் எழுதவேண்டியிருக்கிறது.

பிரதியில் உன் வரியைச் சேர்த்துவிட்டேன், அதே பேச்சில், ஒரு சொல்லும் மாற்றாமல். கதை, வசனம் என்னுடையதுதான். அந்த ஒரு வரி மட்டும் சிங்காரவேல் சொன்னது என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

உன் எண்ணை இன்று காலை திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணியை அழைத்துக்கொண்டு சாப்பிட வா. நாலாவது அங்கத்திலும் சண்டை கிடையாது.

பிரபாவதி